கிரீடம் அசையாத பவனி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வந்து சேரும் ஒரு தேசத்தில், குதிரைப் பவனி என்றால் உயிரை விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். நடந்துகொண்டிருக்கும் குதிரை ஓட ஆரம்பித்தால் அவருடைய கிரீடம் மூக்குவரை இறங்கும். ஓட்டம் பாய்ச்சலானால் பிடரிக்குப் போய்விடும். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"குதிரைதான் சரியில்லை, அரசே. செக்கில் பூட்டிவிடலாம்," என்றார் தளபதி கனகராயர்.

"பாவம், வாயில்லா ஜீவன்," என்று சொல்லிவிட்டான் விகடகவி சொக்கப்பன். அவனுக்குச் சோறு போட்டதும் அவன் வாய்தான், உதை வாங்கிக் கொடுத்ததும் அதேதான்.

சொக்கப்பன்மேல் கனகராயருக்கு வெகுநாள் எரிச்சல். "அப்படியானால் இவரே பழக்கட்டும், அரசே. தோற்றால் செக்கில் அதற்கு ஜோடியாகட்டும்."

"அப்படியே ஆகட்டும். எட்டு நாள் தருகிறோம்," என்றார் ராஜா. "நடை மாறும்போது கிரீடம் அசையக் கூடாது. என்ன செய்வாயோ, செய்."

சொக்கப்பன் தள்ளி நின்றே குதிரையை அவிழ்த்துவிட்டான். அது நடந்தது, ஓடியது, பாய்ந்தது, மறுபடி நடைக்கு வந்தது. எந்த இடத்தில் மாறியது என்றே தெரியவில்லை.

"தாயே, உனக்கா நான் வாத்தியார்?" என்றவன், எட்டு நாளும் கொள்ளு மட்டும் வைத்தான்.

ஒன்பதாம் நாள் ராஜா ஏறியதும் கடிவாள வாரைச் சேணத்தில் கட்டினான். "கிரீடம் அசையக் கூடாதென்பது உத்தரவு. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், மகாராஜா. குதிகாலால் லேசாகத் தொட்டால் போதும், அது போகும்."

"இதுவா ஐயா பழக்கிய லட்சணம்?" என்றார் கனகராயர்.

"என்ன செய்வாயோ செய் என்றது நாம்தானே," என்று ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார்.

குதிரை நடந்து, ஓடி, பாய்ந்தது. மூன்றாம் சுற்றில் உப்பரிகையில் ராணியைக் கண்ட ராஜா, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கிரீடம் ஆணியடித்ததுபோல் இருந்தது.

இறங்கியவர் கேட்டார்: "குதிரைக்கு என்னதான் கற்றுக்கொடுத்தாய்?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. நடை மாறும்போதெல்லாம் யாரோ பயந்துபோய்க் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுத்தேன்."

"யார் அது?"

"பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் நான். தளபதியார் சொல்லட்டும்."

கனகராயர் தம் மீசையை ஆராய்ந்தார்.

ராஜா குபீரென்று சிரித்தார். செக்கு உத்தரவை ரத்து செய்து, தம் பட்டுச் சால்வையைச் சொக்கப்பனுக்குப் போர்த்தினார். அப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. கிரீடம் கழன்று உருண்டது. குதிரை சும்மாதான் நின்றிருந்தது.