கவிழ்த்துப் பார்க்காத செருப்பு

உடைமரக் காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி செருப்பு தைத்து வந்தது. தன் முதுகு முள்தான் அதற்கு ஊசி. காடெங்கும் முள்ளும் சரளைக்கல்லும். அதனால் முயல் முதல் யானை வரை எல்லாம் கூரனின் செருப்பில்தான் நடந்தன. ஒவ்வொரு செருப்பு வாரிலும் ஒரு குன்றிமணி சிவப்பாக மின்னும். "கூரன் செருப்பா!" என்று பார்த்தவை வாயைப் பிளக்கும்.

கூரனிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் செருப்பு வேண்டுமென்றால் பழையதைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தேய்ந்த அடியை நெடுநேரம் உற்றுப் பார்த்த பிறகே அது ஊசியை எடுக்கும்.

பேர் பெருகியது. கூட்டமும் பெருகியது. பழஞ்செருப்பின் நாற்றம் கூரனுக்குப் பிடிக்காமல் போயிற்று. "எல்லாத்தையும் கொல்லையில வீசுங்க! இனி எல்லாருக்கும் ஒரே அச்சுதான்!" என்றது.

ஒருநாள் கொம்பையா என்ற கடமான் நொண்டிக்கொண்டு வந்தது.

"கூரண்ணே, குதிகால்ல குத்துது. கொஞ்சம் பாருங்களேன்."

"இந்த வருஷம் மூணு குன்றிமணி வெச்சிருக்கேன், அதைப் பார்த்தியா?"

"மணி மேல இருக்கண்ணே. முள்ளு கீழதானே இருக்கு!"

"என் செருப்புல குறையா? போ, போய் உன் நடையை மாத்து!"

கொம்பையா பழஞ்செருப்பைக் கொல்லையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு போயிற்று. திரும்பி வரவே இல்லை. பிறகு முயல்கள் வரவில்லை. காட்டுப்பன்றிகளும் வரவில்லை. கூரன் ஐந்து மணி வைத்துப் பார்த்தது. ஏழு மணி வைத்துப் பார்த்தது. வாசலுக்குச் சருகுதான் வந்தது.

கோடையில் குளம் வற்றியது. முள்வெளியைக் கடந்து காடே ஆற்றங்கரைக்குப் போகும் காலம் அது. இப்போதும் யாரும் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஆனால் எல்லாம் அரசமரத்தடிக்கு, நூலாயி என்ற தையல்சிட்டிடம் ஓடிக்கொண்டிருந்தன.

"இலை தைக்கிற குருவிக்குச் செருப்பைப் பத்தி என்ன தெரியும்? என் அச்சைத் திருடியிருப்பா!" கூரன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது.

அரசமரத்தடிக்கு வந்ததும் அதன் கால்கள் நின்றுவிட்டன.

கிளைகள் நிறையப் பழஞ்செருப்புகள் தொங்கின. நூறா, ஆயிரமா, தெரியவில்லை. எல்லாவற்றிலும் குன்றிமணி! அத்தனையும் கூரன் தைத்தவை. தேய்ந்த ஓட்டை ஒவ்வொன்றின் வழியாகவும் காலை வெயில் ஒழுகியது. முயலின் செருப்பு விரல் நுனியில் தேய்ந்திருந்தது. காட்டுப்பன்றியினுடையது ஓரத்தில் தேய்ந்திருந்தது. காடு எப்படி நடக்கிறது, எங்கே பாய்கிறது, எதைக் கண்டு பின்வாங்குகிறது என்பதெல்லாம் அங்கே எழுதி வைத்ததுபோல் இருந்தது. கூரனின் முட்கள் தாமாகப் படிந்தன.

"இதெல்லாம் ஏது?" கூரன் கேட்டது.

"உங்க கொல்லையில பொறுக்கினதுதாண்ணே!" என்றது நூலாயி. "உங்க செருப்புதான் எனக்குத் தொழிலே சொல்லிக்கொடுத்துச்சு."

தாழ்ந்த கிளையில் கொம்பையாவின் செருப்பு ஆடியது. குதிகாலில் ஓட்டை. சுற்றிலும் காய்ந்த ரத்தம்.

ஆற்றுக்குப் புறப்படவிருந்த கொம்பையா அங்கேதான் நின்றிருந்தது. கூரன் மெல்லச் சொன்னது: "தம்பி, என்கிட்ட வா. உனக்கு நல்லதா ஒண்ணு தைக்கிறேன்."

கொம்பையா புதுச் செருப்பைத் தரையில் தட்டிக் காட்டியது. "இது குத்தலையேண்ணே."

கூரன் தலைகுனிந்தது. "அப்போ கழற்றிக் கவிழ்த்துக் காட்டு. நூலாயி எப்படித் தைச்சிருக்கான்னு பார்த்துக்கிறேன்."

கொம்பையா கவிழ்த்து வைத்தது. குதிகால் அடியில் இலவம்பஞ்சு மெத்தையாகத் தைக்கப்பட்டிருந்தது. கூரன் ஊசியைத் தொடாமல், முன்பெல்லாம் பார்த்ததுபோல, நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேர் வந்த பிறகு, தன்னை நம்பி வந்தவரின் வலியைக் காதில் வாங்காதவன், அவரைத் தானே அடுத்த கடைக்கு அனுப்பி வைக்கிறான்.