நீலப் படத்துக்கு ஒரு கட்டுரை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. ஓவியங்களைப் பற்றி எழுதக் கற்றுக்கொள்ள யாரும் வயது வரம்பு வைக்கவில்லை.

ஃபிலோமினா டீச்சர் ஒரு படத்தின் முன்னால் நின்றால் கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படிப் பார்ப்பார். எழுதுவது என்னவோ நாலு வரிதான். அதைப் படித்துவிட்டு பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்த்தவர்கள் உண்டு. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற திருவேங்கடம் அப்படிப் போய்த்தான் சீடரானார்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் வரைந்த படங்களின் கண்காட்சி. சுவர் அகலத்துக்கு ஒரே ஒரு திரை, பக்கத்தில் ஒரு பொத்தான். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தினால் புதிதாக ஒரு படம் வரும். பழையது திரும்பி வராது. வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா. எழுதுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே வந்து பார்க்க மூன்று நாளாகத் திரையில் இருந்த நீலப் படத்தைப் பற்றித் திருவேங்கடம் கட்டுரை வாசிக்க வேண்டும். முதல் கட்டுரை. நன்றாக இருந்தால் பத்திரிகையில் போடுவதாக அதன் ஆசிரியர் சொல்லியிருந்தார். கேட்பதற்கு மகள் வேறு திருச்சியிலிருந்து வருகிறாள்.

ஐந்து மணிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், ஒரு தடவை வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வாசிங்க சார்."

படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்படைப்பு, இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான விளிம்பில் தன்னைத்தானே கட்டுடைத்துக்கொள்கிறது. இங்கே மௌனம் வடிவத்தை வினவுகிறது. வடிவமோ, விடையளிக்க மறுப்பதன் மூலம் பார்வையாளனின் அதிகாரத்தைச் சிதறடிக்கிறது..."

டீச்சர் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். நீலம் போயிற்று. ஆரஞ்சும் கறுப்புமாக வேறொன்று வந்தது.

திருவேங்கடம் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டு பக்கம் வாசித்து முடித்தார்.

"எப்படி டீச்சர்?"

"குரல் கணீர்னு இருக்கு. எந்தப் படத்தைப் பத்தி?"

"கேலி பண்ணாதீங்க. இதோ..." திரும்பினார். "ஐயோ, நீலம் எங்கே?"

"போயிடுச்சு. நான்தான் அழுத்தினேன்."

"ஆறு மணிக்கு நான் என்னத்தை வாசிக்கிறது?"

"இதையேதான். நீலம்னு ஒரு இடத்துலகூட நீங்க எழுதலையே. இந்தப் படத்துக்கும் பொருந்தும். மேல சுத்துதே ஃபேன், அதுக்கும் பொருந்தும்."

அவர் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். நீலம் இல்லைதான்.

கோபம் வந்தது. "எவ்வளவு நல்ல படம்! அநியாயமா அழிச்சிட்டீங்களே. இடது ஓரத்துல..." நின்றார். "இடது ஓரத்துல என்னமோ இருந்ததே, டீச்சர்?"

"வெள்ளை. ஈர வேட்டியை உதறும்போது காத்துல ஒரு நிமிஷம் நிக்குமே, அந்த மாதிரி. ஒரு மெஷினுக்கு அது எப்படி வந்ததுன்னு இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரலை. அதைப் பார்க்கத்தான் மூணு நாளும் வந்தேன்."

"அவ்வளவு பிடிச்சதை அழிக்க எப்படி மனசு வந்தது?"

"நான் பார்த்துட்டேன் சார்."

திருவேங்கடம் ஒரு நாற்காலியை இழுத்துத் திரையைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.