கதவில்லாத ஆணையர் அறை

சீர்திருத்தத் துறைச் செயலாளர் மறுநாள் மூன்று மணிக்கு ஆய்வுக்கு வருகிறார் என்றதும், ஆணையர் வைத்தியலிங்கம் பியூன் மாசானத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என் கதவுக்கு முன்னால ஒருத்தர்கூடக் காத்திருக்கக் கூடாது. யாரையும் விரட்டவும் கூடாது, புகார் வரும். இதுல தவறினா உனக்கு வேலை இல்லை."

"ஆகட்டுங்க ஐயா."

ஆணையருக்கு ஒரு வழக்கம். சாயங்காலமே நாற்காலியில் வெள்ளைத் துண்டைப் போர்த்தி, மின்விசிறியை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மறுநாள் மத்தியானம்தான் வருவார். அதுவரை "ஐயா உள்ளே வேலையா இருக்காங்க" என்று சொல்வது மாசானத்தின் உத்தியோகம்.

ஆய்வு நாளன்று செயலாளர் காலை பத்துக்கே வந்து நின்றார். அறைக்குக் கதவு இல்லை. கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. ஜனங்கள் உள்ளே நின்று, காற்றில் ஆடும் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவை ஏம்ப்பா கழற்றி வச்சிருக்கே?"

"அதுக்கு முன்னால யாரும் காத்திருக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"ஆணையர்?"

மாசானம் துண்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"இவர்தாங்க. தினமும் நேரத்துக்கு இருப்பார். மத்தியானத்துக்கு மேல இவரை மடிச்சு வச்சிட்டு இன்னொருத்தர் வந்து உக்காருவார். அவர் யாருன்னு நீங்கதான் விசாரிக்கணும்."