கூரைக்கு அடியில்

ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்தது. மடத்தின் சாப்பாட்டுக் கொட்டகைக் கூரையை மழைக்கு முன்னால் மேட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும். இல்லையென்றால் வெள்ளத்தோடு போய்விடும்.

"திட்டம் உன் பொறுப்பு" என்றார் குரு தாண்டவச் சாமி.

மூத்த சீடர் மாசிலாமணிக்கு அது போதாதா! கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழி, திருப்பம், இறக்கும் இடம் எல்லாம் பிரமாதமாக அமைந்தது.

விடிந்ததும் மடமே கூடியது. கூரையைக் கால்களோடு பிணைத்திருந்த கட்டுகளை அவிழ்த்தார்கள். கூரைக்குள் புகுந்து மூங்கில்களைத் தோளில் ஏற்றினார்கள்.

"தூக்கு! புளியமரத்தைச் சுத்தித் திரும்பு!" வெளியே நின்று கத்தினார் மாசிலாமணி.

முன்னால் நின்றவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், பின்னால் நின்றவர்கள் மறுபக்கம். ஒரு மூங்கில் படாரென்று முறிந்தது. அவசரமாக முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள்.

"சாமி, என் திட்டத்தில என்ன தப்பு?" மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

குரு கூரைக்குள் நுழைந்தார்.

"உள்ளே வா. இங்கேயிருந்து மேடு எங்கேன்னு காட்டு."

மாசிலாமணி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் கீற்றுதான் தெரிந்தது. நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

வெளியே ஓடிவந்தார். மணலில் வழியை வரைந்தார். "எல்லாரும் வாங்க! எப்படிப் போகலாம், சொல்லுங்க!"

அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது.

"மரத்துப் பக்கமே வேண்டாம், கிளை கீற்றைக் கிழிச்சிடும்" என்றாள் சமையல் ஞானம்மாள்.

"மேடு ஏறணும், குட்டையானவங்க முன்னால நிக்கட்டும்" என்றார் தொழுவத்து வேலாண்டி. "அப்போ நீதான் முதல் ஆள்!" என்று சிரித்தார்கள். ஆளுக்கொரு கோடு அழித்தார்கள், ஆளுக்கொரு கோடு போட்டார்கள். மாசிலாமணியின் திருப்பம் போயே போய்விட்டது.

கரையில் ஒரு துண்டு சரிந்து விழுந்தது.

"நேரமாச்சு!" என்று துடித்தார் மாசிலாமணி.

அதற்குள் கூரை எழுந்துவிட்டது! யாரும் கட்டளையிடவில்லை. "ஏலேலோ" என்று பாடிக்கொண்டே கூரை மேட்டில் ஏறியது. கூடவே ஓடினார் மாசிலாமணி, அவருக்கும் உற்சாகம் பொங்கியது. மேட்டில் ஏற்கெனவே நட்டிருந்த புதுக் கால்களில் கூரை உட்காரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. உள்ளே ஒரே ஆரவாரம்.

மாசிலாமணி வெளியே, மூச்சிரைக்க, சொட்டச் சொட்ட நின்றார்.

"சாமி! ஒருத்தர்கூட என்னைக் கேக்கலையே! அப்போ இது யாரோட திட்டம்?"

உள்ளே நெருக்கியடித்து நின்ற கூட்டத்திலிருந்து குரு எட்டிப் பார்த்தார்.

"நனையாம நிக்கிறவங்க எல்லாரோடதும்தான். நீயும் உள்ளே வா."