தோப்பு வழிப் பல்லக்கு

வேம்பங்குளம் ஜமீன்தார் தந்தம் பதித்த பல்லக்கு ஒன்று வாங்கினார். ஒரு நாள் அதில் கோயிலுக்குக் கிளம்பும்போது, "இது உங்க சுகத்துக்கா, இல்லே ஊர் உங்களைப் பார்க்கவா?" என்று வீட்டம்மா சிரித்துவிட்டாள். வந்த கோபமெல்லாம் பல்லக்குத் தூக்கும் சடையாண்டி மேல் பாய்ந்தது.

"கோயில் போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா கேட்டதுக்கு நீ பதில் சொல்லணும். நானே ஒத்துக்கிற மாதிரி சொல்லணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"சரி சாமி" என்று சடையாண்டி ஆட்களோடு பல்லக்கைத் தோளில் ஏற்றினான். வழக்கமான கடைத்தெருவை விட்டு மாந்தோப்புப் பக்கம் திரும்பினான்.

திரை விலகியது. "ஏண்டா இந்தப் பக்கம்?"

"கடைத்தெருவில வெயிலும் புழுதியும் சாமி. இங்கே நிழல், காத்து. சுகமா போகலாம்."

"சுகம் கிடக்கட்டும். இங்கே என்னைப் பார்க்க யார் இருக்கா?"

சொன்ன பிறகுதான் ஜமீன்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் போகட்டும் சாமி?" என்று மட்டும் சடையாண்டி பணிவாகக் கேட்டான்.

பிறகு, "தோப்பு வழியாவே போ" என்ற குரலோடு திரை மூடியது.

கோயில் வாசலில் இறக்கியபோது உள்ளே குறட்டை. கண் விழித்த ஜமீன்தார் சடையாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கி ஒரு மாசமாச்சு. இன்னைக்குத்தான்டா இந்தப் பல்லக்குல எனக்காக ஏறினேன். இனி எப்பவும் இந்த வழிதான்."

"எங்க காலுக்கும் இன்னைக்குத்தான் நிழல் கிடைச்சது சாமி" என்று கும்பிட்டான் சடையாண்டி. "நல்லா இருங்க."