கடைசி டக்கு

போனைத் தலையணை மேல சாய்ச்சு வச்சுட்டியா பாப்பு? சரி. அம்மா கதை சொல்றேன், நீ 'ம்' கொட்டணும். 'ம்' வரலன்னா லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சு நான் இங்கேருந்து கத்துவேன். அப்புறம் ரூம்ல தூங்குற மத்த அக்காங்க என்னைய வைவாங்க.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு செவ்வந்தி. சிரிக்காத. அது நீ இல்ல, நீ வேற அவ வேற. அவங்கப்பா பஞ்சர் கடை வச்சிருந்தாரு. இல்லடி, உங்கப்பா இல்ல. உலகத்துல ஒரே ஒரு பஞ்சர் கடைதான் இருக்கணுமா?

அவங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிற வேலைக்குப் போயிருந்தா. மூணு வருஷ ஒப்பந்தம். போறதுக்கு முன்னாடி செவ்வந்திக்கு ஒரு பச்சைப் பாவாடை தச்சா. வளர்ற பிள்ளைன்னு நீளமாத் தச்சு, அடியில மூணு டக்கு வச்சா. டக்குன்னா தெரியும்ல? துணியை மடிச்சு, அது மேல ஒரு தையல். பிள்ளை வளர வளர ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டா பாவாடையும் கூடவே வளரும். "பொங்கலுக்குப் பொங்கல் ஒரு டக்கைப் பிரிங்க, மூணாவது டக்கு பிரியறப்போ நான் வந்துருவேன்"னு சொல்லிட்டு ப்ளேன் ஏறிட்டா. அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகிட்ட சொல்ற பேச்சா அது? எங்க, 'ம்' சொல்லு. ம்.

ரெண்டு பொங்கல் போச்சு, ரெண்டு டக்கு பிரிஞ்சுது. ஒண்ணு பாக்கி.

அப்போ ஸ்கூல்ல மாறுவேடப் போட்டின்னாங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் தலைவர் வேஷம், கத்திரிக்கா வேஷம். செவ்வந்தி மட்டும், "நான் பறக்குற சூப்பர் ஹீரோப்பா"ன்னா.

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு"ன்னாரு அவங்கப்பா. பழைய டியூபை வெட்டி முகமூடி செஞ்சாரு, பெல்ட்டு செஞ்சாரு. முகமூடியப் போட்டா ஒரே ரப்பர் நாத்தம், அச்சூ அச்சூன்னு தும்முனா. அதுவும் பரவால்ல. முதுகுல படபடன்னு பறக்குற துணி வேணும்ல, அதுக்கு என்ன பண்றது?

மொதல்ல யாரோட கல்யாண ப்ளெக்ஸையோ வெட்டிக் கட்டுனாரு. நடந்தா மொடமொடன்னு சத்தம். திரும்புனா முதுகுல மாப்பிள்ளை சிரிக்கிறாரு. "ஏம்மா, பறக்கப்போறது நீயா அவரா?"ன்னு கேட்டாரு. அவ சிரிக்கல.

அப்புறம் குடைத்துணி. பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டுனாரு, அவருக்குத் தெரிஞ்ச தையல் அதுதானே. செவ்வந்தி பறக்குறதுக்குக் கையைத் தூக்குனா, டர்ர்ர். ஒட்டு பிரியல, துணிதான் கிழிஞ்சுது.

"அம்மா இருந்தா தச்சுக் குடுத்திருப்பாங்க"ன்னு சொன்னா. அவரு சொல்யூஷன் டப்பாவை மூடிட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

அப்போ அவ ஒரு வேலை பண்ணா பாரு. உள்ள போயி பாவாடையை எடுத்து, அப்பாவோட பிளேடால அந்தக் கடைசி டக்கைப் பிரிச்சுட்டா. பட், பட், பட்டுன்னு நூல் அறுந்துச்சு. பாவாடையைக் கட்டிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா.

மொத பஸ் வந்துச்சு, பாம்ம்ம். கீரைக்கட்டோட ஒரு ஆயா எறங்குனாங்க. அப்புறம் ரெண்டாவது பஸ், பாம்ம்ம். ஒரு வாத்தியார் எறங்குனாரு. மூணாவது பஸ்ல யாருமே எறங்கல. கண்டக்டர், "யாருக்கு பாப்பா நிக்கிற?"ன்னாரு.

"எங்கம்மாவுக்கு. டக்கைப் பிரிச்சுட்டேன், வந்துருவாங்க."

அவருக்கு என்ன புரியும்? விசிலை ஊதிட்டுப் போயிட்டாரு. ம் சொல்லு தங்கம். ம்.

அப்பா தேடிக்கிட்டு ஓடி வந்தாரு. பாவாடை மண்ணுல சர்ரு சர்ருன்னு இழுபடுறதப் பாத்ததுமே அவருக்கு வெளங்கிருச்சு. திட்டல. பக்கத்துல மண்ணுலயே உக்காந்துக்கிட்டாரு.

"அம்மா வர இன்னும் ஒரு பொங்கல் இருக்கும்மா."

"டக்கு பிரிஞ்சுருச்சே?"

"டக்கை நாம பிரிச்சுரலாம். ஒப்பந்தம் நம்ம கையில இல்லையே."

அப்போதான் அழுதா. ஓன்னு அழுதா. அந்த நேரம் பாத்துக் காத்து வந்து பாவாடையைப் படபடன்னு தூக்குச்சு. அப்பா அதையே பாத்தாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பாவாடையோட பக்கத் தையலைப் பிரிச்சு விரிச்சு, நாடாவை இழுத்து அவ கழுத்துல கட்டுனாரு. முதுகுலேருந்து கெண்டைக்கால் வரைக்கும் எறங்குச்சு. டக்கு மட்டும் பிரியாம இருந்திருந்தா முழங்காலோட நின்னுருக்கும்.

போட்டியில டீச்சர் மைக்க நீட்டி, "உன் சக்தி என்ன?"ன்னு கேட்டாங்க. "பறப்பேன் மிஸ். ஆனா இன்னும் ஒரு பொங்கல் ஆகணும்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. பரிசு ஒரு சோப்பு டப்பா.

அவங்கம்மா அதை வீடியோவுல பாத்தா. துணியெல்லாம் வெளிறிக் கெடக்கு, கடைசி டக்கு இருந்த எடம் மட்டும் பளிச்சுன்னு பச்சைக் கோடு. அதைப் பாத்ததும் நான் பாத்ரூமுக்குள்ள போயி, குழாயைத் தொறந்து விட்டுட்டு... நான் இல்ல, அந்த அம்மா. அந்த அம்மா அழுதா. கதையில அம்மாங்க அழக்கூடாதா என்ன?

அப்புறம் செவ்வந்தி அப்பாகிட்ட வந்து, "அந்த டக்கைத் திருப்பிப் போடுங்கப்பா. அம்மா வர்றப்போ பிரிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்ல"ன்னா. அவருக்கு ஊசி பிடிக்கவா தெரியும்? மடிச்சு வச்சு, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டாரு. லாரி டியூபையே தாங்குற சொல்யூஷன். இனிமே பிளேடு போட்டாலும் பிரியாது.

பிரிக்க வேணாம். அதை நீ தொடாத பாப்பு. நான் வந்து பிரிச்சுக்கறேன். நாள் பூரா உக்காந்து நகத்தால கிள்ளிக் கிள்ளியாச்சும் பிரிப்பேன். நீ என் மடியில படுத்துக்கிட்டுப் பாத்துட்டே இருக்கணும். சரியா?

பாப்பு?

'ம்' வரல. மூச்சு மட்டும் கேக்குது.

கத்த மாட்டேன். கதையும் கண்ணை மூடிருச்சு, நீயும் தூங்கு. அப்பா வந்து போனை எடுக்குற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.