மைனா தும்மிய அறை

பெரிய ஆலமரத்தடியில் எலிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளை தோண்டி முடித்தன. சாதாரண வளையா அது! அறைக்குள் அறை, அதற்குள் இன்னும் நாலு அறை. நெல் வைக்க ஒன்று, சோளம் வைக்க ஒன்று, கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒன்று! உள்ளே கும்மிருட்டு. எலிகளே வாசனை பிடித்துத்தான் வழி கண்டுபிடித்தன.

"இவ்வளவு பெரிய வளையை யாராவது நினைவில் வைக்க வேண்டாமா? அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது!" என்று முன்வந்தது கரிமுத்து யானை.

புல்வெளியில் அது வேலையைத் தொடங்கியது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கல். கல்லிலிருந்து உள்ளறைக்கு ஒரு கொடி, வெளியறைக்கு ஒரு கொடி, பக்கத்து அறைக்கு ஒரு கொடி, பக்கத்து அறையிலிருந்து திரும்பி வர மறுபடியும் ஒரு கொடி! வளை இருந்ததோ ஒரு மரத்தடியில். கொடிகளோ புல்வெளி முழுக்கப் பரவி ஓடைக்கரைக்கே போய்விட்டன. மேய வந்த மான் கால் தடுக்கிக் குப்புற விழுந்தது.

"என்ன அண்ணே இது! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்று கத்தியது மான்.

"காலைப் பார்த்து வை!" என்றது யானை, அடுத்த கொடியை முடிந்தபடியே.

வளையின் புதுமனை புகுவிழாவுக்குப் பவளமணி என்ற மைனாவும் வந்திருந்தது. ஐயோ, அதற்கு மரியாதை கொஞ்சம் அதிகம்! எந்த அறைக்குள் நுழைந்தாலும் "வந்தேன்!" என்று சொல்லும். வெளியே வந்தால் "போய்ட்டு வரேன்!" என்று சொல்லும். வெறுமனே 'போறேன்' என்று சொல்லலாமா? நல்லதில்லையே! நல்ல காரியம் என்று நடுக்கூடத்தின் வலப்பக்கக் கதவில் தொடங்கி, ஓர் அறை விடாமல் புகுந்து புறப்பட்டது. அன்றிலிருந்து கிளையில் உட்கார்ந்து அன்று அறை அறையாகப் போய்வந்ததையே வரிசை மாறாமல் பாடிக்கொண்டிருந்தது. "வந்தேன்! வந்தேன்! போய்ட்டு வரேன்!" காடே காதைப் பொத்திக்கொண்டது.

ஒருநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எலிகள் அடித்துப் பிடித்து மரத்தில் ஏறின. இரை தேடப் போயிருந்த நெல்லம்மா எலி ஓடிவந்து பார்த்தது. வாசல் மண்மூடிக் கிடந்தது. உள்ளே, இலவம்பஞ்சு பரப்பிய அறையில், கண் திறக்காத அதன் குஞ்சுகள்! சேற்றில் வாசனையும் போய்விட்டது. ஓடைத் தண்ணீர் மரத்தை நோக்கி ஏறியது.

"கரிமுத்தண்ணே! என் அறை எங்கே இருக்கு? எந்தப் பக்கம் தோண்டட்டும்?" என்று அழுதது நெல்லம்மா.

யானை புல்வெளிக்கு ஓடியது. கற்களை வெள்ளம் புரட்டியிருந்தது. கொடிகளெல்லாம் ஒரே சிக்கல். ஒன்றை இழுத்தால் ஒன்பது வந்தது!

"இதோ நெல் அறை! இல்லை இல்லை, சோள அறை! ஐயையோ, இது என் வால்!"

பயந்துபோன மைனாவுக்குப் பாட்டைத் தவிர வேறென்ன தெரியும்? நனைந்துகொண்டே பாடியது. "வந்தேன்! அச்ச்! போய்ட்டு வரேன்!"

"குஞ்சுங்க உசிருக்குப் போராடுது, உனக்குப் பாட்டு கேட்குதா?" என்று பிளிறியது யானை.

"பொறுங்க அண்ணே!" என்றது நெல்லம்மா. "பவளம், நடுவிலே தும்மினியே, அது ஏன்?"

"அந்த அறையிலே ஒரே பஞ்சு! மரியாதைக்கு அடக்கித்தான் பார்த்தேன், முடியலே!"

"அடி என் கண்ணே! அது என் அறைதான்! முதல்லேருந்து பாடுடி!"

"நீ தோண்டு, தண்ணியை நான் பார்த்துக்கிறேன்!" என்று யானை கொடிகளை உதறிவிட்டு, வெள்ளத்துக்குக் குறுக்கே அணையாகப் படுத்துவிட்டது.

நெல்லம்மா வாசலைப் பிறாண்டித் திறந்து கூடத்துக்குள் பாய்ந்தது. சுற்றிலும் கதவுகள், எல்லாம் ஒன்றுபோலச் சேறு. மைனா வாசலில் நின்று பாடியது. ஒவ்வொரு 'வந்தேனு'க்கும் நெல்லம்மா ஒரு விரலை நீட்டியது, ஒவ்வொரு 'போய்ட்டு வரேனு'க்கும் ஒன்றை மடக்கியது.

"வந்தேன்! வந்தேன்! போய்ட்டு வரேன்! வந்தேன்! போய்ட்டு வரேன்! போய்ட்டு வரேன்!"

"எல்லா விரலும் மடங்கிடுச்சு! முதல் கதவுக்குள்ளே போன நீ வெளியே வந்துட்டே. அதுக்குள்ளே எத்தனை அறை இருந்தா எனக்கென்ன? மேலே பாடு!"

"வந்தேன்! போய்ட்டு வரேன்!"

"ரெண்டாவது கதவும் வேண்டாம்! ம்!"

"வந்தேன்! வந்தேன்! போய்ட்டு வரேன்! வந்தேன்! அச்ச்!"

"மூணாவது கதவு! உள்ளே ஒண்ணு விட்டு அடுத்தது!"

நெல்லம்மா தோண்டிய வேகத்தில் மைனாவின் முகமெல்லாம் சேறு. சற்று நேரத்தில் சுவர் பொத்தென்று விழுந்தது. உள்ளே பஞ்சுக்குள் பஞ்சாக அத்தனை குஞ்சுகளும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன! நெல்லம்மா அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கவ்விவந்து யானையின் முதுகில் விட்டது. குளிர்காற்று பட்டதும் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து "அச்ச்!" என்று தும்மின.

யானைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிறு குலுங்கியது.

"சிரிக்காதீங்க அண்ணே, தண்ணி உள்ளே வருது!" என்று கூவியது மைனா.

வெள்ளம் வடிந்ததும் மான்கள் கொடிகளையெல்லாம் மென்று தீர்த்தன. கரிமுத்து மைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "வந்தேன்! போய்ட்டு வரேன்!" என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தது. தும்மலைக்கூட விடவில்லை!

பெரியதை நினைவில் வைக்கப் பெரிய இடம் வேண்டியதில்லை. புகுந்ததையும் புறப்பட்டதையும் வரிசை தப்பாமல் வைத்திருந்தால் போதும்.